தரச்சான்று வேலையோடு புதிதாக ஒன்றையும் செய்து பார்க்க

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். அரசு மருத்துவமனைகளுக்குத் தரும் என்.க்யூ.ஏ.எஸ். என்னும் தேசியத் தரச்சான்று என்றாலே பெயின்ட் அடிப்பதும் ரெஜிஸ்டர் நிரப்புவதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சான்றுக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடும் செக்லிஸ்ட்டை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம்.

முதலில் உங்கள் நிலையத்துக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள். செக்லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2; அறவே இல்லையென்றால் 0, முழுமையாக இருந்தால் 2. தாராளம் காட்ட வேண்டாம். 0 விழுந்ததில் தீயணைப்புக் கருவி, பெயர்ப்பலகை மாதிரி காசு கொடுத்தால் தீர்வதை மருத்துவ அலுவலரிடம் ஒப்படைத்துவிடுங்கள். மீதியில், நோயாளிகளைத் தினமும் படுத்துகிற ஒன்றை மட்டும் எடுங்கள்.

எங்களுக்கு அது காத்திருப்பு. சர்க்கரை, பிரஷர்காரர்கள் வரும் நாளில் சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, அவர் எழுதிய டெஸ்டுக்கு ஒரு வரிசை, ரிசல்ட்டோடு மறுபடி டாக்டர். எதையும் மாற்றுவதற்கு முன்னால், சீட்டின் மூலையில் பதிந்த நேரத்தையும் மருந்து வாங்கிய நேரத்தையும் குறித்தோம். அப்புறம் பிரஷர் பார்க்கும் மேசையைப் பதிவு கவுன்ட்டர் பக்கத்தில் போட்டோம்; சர்க்கரை டெஸ்டும் டாக்டரைப் பார்க்கும் முன்பே. மறுபடி நேரம் குறித்தோம். செக்லிஸ்ட்டின் தர மேலாண்மைப் பகுதியில் கேட்கும் பி.டி.சி.ஏ. இதுதான்: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. அதற்கென்று தனி ஃபைல் ஜோடிக்க வேண்டியதில்லை.

பலன் தெரிந்தால் உடனே எஸ்.ஓ.பி.யில், அதாவது எந்த வேலையை எப்படிச் செய்வது என்று எழுதி வைக்கும் நடைமுறைக் குறிப்பில், எழுதிவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அரசு வேலையில் நல்ல யோசனை பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு போய்விடும். மதிப்பிட வருபவர் ரெஜிஸ்டரை மட்டும் புரட்டுவதில்லை. ஊழியர்களிடமும் நோயாளிகளிடமும் கேட்பார். நேற்று வந்து சேர்ந்த லேப் டெக்னீஷியனுக்கும் புது ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும். எழுதி வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

மதிப்பீட்டுக்கு முந்தைய மாதம் எதையும் மாற்றாதீர்கள். எல்லோரும் பதற்றத்தில் இருப்பார்கள். சான்று 3 ஆண்டு செல்லும். வந்த கையோடு அடுத்ததைத் தொடங்குவதுதான் சரி.

எங்கள் பட்டியலில் அடுத்தது மருந்து உறை. எழுத்து தெரியாதவர்களுக்குக் காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று படம் போட்டுத் தர நினைக்கிறோம். இப்போதைக்கு மருந்து வாங்கித் திரும்புகிறவர்களை நிறுத்தி, எதை எப்போது போடுவீர்கள் என்று கேட்டு, சரியாகச் சொல்பவர்களைக் கணக்கெடுக்கிறோம். படம் அதற்கு அப்புறம்தான்.