ரியாக்ட் ஃபார்முக்கு 9 யூஸ்ஸ்டேட் எதற்கு?

ஏற்காட்டில் காட்டேஜ் நடத்தும் நண்பர் முன்பதிவு ஃபார்ம் கேட்டார். வலைப்பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட் படித்த புதிது. பெயர், போன், வரும் தேதி, எத்தனை இரவு என்று 9 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு யூஸ்ஸ்டேட் (மதிப்பை நினைவில் வைப்பது), ஒரு ஆன்சேஞ்ச் (அடிக்கும்போதெல்லாம் ஓடுவது). சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்தபடியே ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிய களைப்பு.

இப்போது செய்வதாக இருந்தால் அந்த யூஸ்ஸ்டேட் வரிகளை முதலில் அழிப்பேன். அடித்ததைப் பிரவுசரே வைத்திருக்கும். ஒவ்வொரு இன்புட்டுக்கும் நேம் கொடுத்தால் போதும். ஆரம்ப மதிப்பு வேண்டுமா, டீஃபால்ட்வேல்யூ போடுங்கள். வேல்யூ என்று எழுதி ஆன்சேஞ்சை மறந்தால் கட்டத்தில் ஒரு எழுத்துகூட ஏறாது.

அடுத்து, அனுப்பும்போது ஓட வேண்டிய ஃபங்ஷனை ஃபார்மின் ஆன்சப்மிட்டில் வையுங்கள். பட்டனின் ஆன்கிளிக்கில் வைத்தால், ரிக்வயர்டு (கட்டாயம் நிரப்ப வேண்டியவை) சரிபார்ப்புக்கு முன்பே ஓடிவிடும். உள்ளே முதல் வரி பிரிவென்ட்டிஃபால்ட். இல்லையென்றால் பக்கமே புதிதாக லோட் ஆகும். பிறகு ஈவென்ட்டின் கரன்ட்டார்கெட்டை, அதாவது அந்த ஃபார்மை, நியூ ஃபார்ம்டேட்டாவுக்குள் கொடுங்கள். அதை ஆப்ஜெக்டின் ஃப்ரம்என்ட்ரீஸில் போட்டால், 9 கட்டமும் ஒரே ஆப்ஜெக்டாக வந்துவிடும்.

இங்கேதான் நான் மாட்டினேன். பெரியவர் 2, குழந்தை 1, கூட்டினேன். நண்பரிடமிருந்து போன்: "ஏப்பா, 21 பேரா? எங்கிட்ட இருக்கறதே நாலு ரூமு!" டைப் நம்பர் என்று போட்டிருந்தாலும் வருவது ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. நம்பர் ஃபங்ஷனால் மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். டிக் செய்யாத செக்பாக்ஸ் பட்டியலிலேயே இருக்காது, 'இல்லை' என்றும் வராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஸ்டேட் எதற்கு? அடிக்க அடிக்கத் திரையில் வேறெதுவும் மாற வேண்டுமென்றால் மட்டும். இரவுகளை மாற்றியதும் வாடகைத் தொகை மாற வேண்டும். ஆகவே இரவுக்கு மட்டும் ஒரு யூஸ்ஸ்டேட். தொகைக்கு இன்னொன்று வைக்காதீர்கள். இரவை வாடகையால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். தனியாக வைத்தால் ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாது.

ரியாக்ட் 19 வைத்திருந்தால் ஃபார்மின் ஆக்‌ஷனுக்கே ஃபங்ஷனைக் கொடுக்கலாம். ஃபார்ம்டேட்டா நேராகக் கைக்கு வரும், பிரிவென்ட்டிஃபால்ட்டும் வேண்டாம். ஆனால் எறர் எதுவும் வீசாமல் ஃபங்ஷன் முடிந்தால் ஸ்டேட்டில் இல்லாத கட்டங்களை ஆரம்ப மதிப்புக்கே திருப்பிவிடும். 'அந்தத் தேதிக்கு அறை இல்லை' என்று செய்தி மட்டும் திருப்பினாலும் அப்படித்தான். யூஸ்ஆக்‌ஷன்ஸ்டேட்டில் (ஃபங்ஷன் திருப்பியதை ஸ்டேட்டாக வைத்திருப்பது) அந்தச் செய்தியோடு பழைய மதிப்புகளையும் சேர்த்துத் திருப்பி, டீஃபால்ட்வேல்யூவில் வையுங்கள். வந்தவர் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.