ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு வந்த பணம்: எங்கே தவறவிடுகிறோம்?

அரசுப் பள்ளிக்கு வழக்கமான ஒதுக்கீடு தவிர வரும் பணம் பெரிய தொகை கிடையாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000. அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். ஏற்காடு மலையின் சிறு தொடக்கப் பள்ளிக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் முன்னாள் மாணவர்கள், எஸ்டேட்காரர்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ நன்கொடைத் திட்டம் என்று அங்கங்கே கிடைப்பது. இவ்வளவு சிறிய பணம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் படிப்பை எட்டவேண்டும் என்றால், எந்தப் பிள்ளைக்கு, எந்தக் குறைக்கு என்று தெரிந்து செலவாக வேண்டும். பெரும்பாலான தவறுகள் இது தெரியாமல் செலவழிப்பதில்தான் தொடங்குகின்றன.

பொருளில் தொடங்குவது

பணம் வந்ததும் பள்ளி மேலாண்மைக் குழு கூடும். பெயின்ட், நுழைவாயில் வளைவு, ஸ்மார்ட் போர்டு, மைக் செட் என்று பட்டியல் நீளும். ஒழுகும் கூரை மாறத்தான் வேண்டும், கழிவறைக்குத் தண்ணீர் வரத்தான் வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பிள்ளைகளின் கற்றலுக்கென்று வந்த பணத்தில் வளைவு கட்டினால், ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை அடுத்த ஆண்டும் திணறும். நன்கொடை தருபவர்களுக்குப் பெயர்ப் பலகை பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். அவர்களிடம் தயங்காமல் பேசலாம். “உங்கள் பணத்தில் இத்தனை பிள்ளைகள் இந்த ஆண்டு வாசிக்கக் கற்றார்கள்” என்ற செய்தியும் அவர்களுக்குப் பெருமைதான்.

புத்தகம் வாங்கித் தந்தால் போதும் என்பதும் சரிவராது. கென்யாவில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குத்தான் மதிப்பெண் கூடியது. மற்றவர்களால் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே முடியவில்லை. நம் ஊரில் பத்தாம் வகுப்புக்கு மொத்தமாக கைடு வாங்கிக் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் விடுவது

என் கணிப்பில் மிகப் பெரிய தவறு இதுதான். சரிசெய்ய அதிகச் செலவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, எழுத்து தெரிகிறதா, சொல் வாசிக்க வருகிறதா, நாலு வரிப் பத்தி வருகிறதா, ஒரு சிறுகதையை வாசித்து என்ன நடந்தது என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலும் வகுத்தலும் போதும். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும். அப்புறம் வகுப்பை மறந்துவிட்டு, நிலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளையும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் வரலாம். பெரிய பிள்ளைக்கு அது கூச்சம் தராதபடி பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பக்குவம்.

மும்பையிலும் வதோதராவிலும் இப்படிப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, அந்தந்தப் பகுதிப் பெண்களே பயிற்சி பெற்றுத் தினமும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மதிப்பெண் தெளிவாக உயர்ந்ததை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதைச் செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்கள். தமிழ்நாட்டில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகளும் இதே வழிதான். அது தொடக்க வகுப்புகளுக்கானது. அதைத் தாண்டி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் தேங்கி நிற்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் பணத்தைத் திருப்பலாம். பத்தாம் வகுப்புக்கு ஜனவரியில் தொடங்கும் சிறப்பு வகுப்பு பாஸ் எல்லையில் நிற்கும் சிலரைக் கரையேற்றலாம். ஏழாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டுக் கொலுசுப் பட்டறைக்குப் போய்விட்ட பையனுக்கு அது உதவாது.

பின்தங்கிய பிள்ளைகளை யாரிடமோ ஒப்படைப்பது

தன்னார்வலர் ஒருவருக்குக் கொஞ்சம் மதிப்பூதியம் பேசி, “வாசிக்கத் தெரியாதவர்களை நீங்க பார்த்துக்கோங்க” என்று வராந்தாவில் உட்காரவைத்துவிடுவது. இங்கிலாந்தில் 2011 ஏப்ரல் முதல் வசதியற்ற பிள்ளைகளுக்கென்றே ‘பியூபில் பிரீமியம்’ என்ற தனி நிதி இருக்கிறது. அதில் பல பள்ளிகள் உதவியாளர்களைத்தான் அமர்த்தின. ஆனால் உதவியாளரோடு அதிக நேரம் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று 2009-லேயே ஒரு பெரிய ஆய்வு சொல்லியிருந்தது. உதவியாளர் வந்ததும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் கவனம் குறைந்துபோனது.

அப்படியென்றால் மும்பையில் மட்டும் எப்படிப் பலித்தது? அங்கே உதவியாளருக்குப் பயிற்சி இருந்தது, என்ன சொல்லித்தருவது என்று வரையறை இருந்தது, நேரமும் குறிப்பிட்ட நேரம்தான். தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் பள்ளி நேரத்துக்கு மேல் கூடுதலாக நடந்ததால் பலன் தந்தது. கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மீட்டெடுத்த கற்றலில் ஏறக்குறைய கால் பங்கு அதனால் வந்தது என்று ஆய்வு உண்டு. ஆகவே தன்னார்வலரை வையுங்கள். பயிற்சி கொடுங்கள். ஆசிரியரும் அவரும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும்.

ஏழை என்றால் மந்தம் என்று எடுத்துக்கொள்வது

இது மனதை வருத்தும் தவறு. எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை, மலையாளிப் பழங்குடிப் பிள்ளை என்றாலே “பாஸானால் போதும்” என்று நினைத்துவிடுகிறோம். எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் படிப்புதவித்தொகைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000-க்குள் இருக்கவேண்டும். மனத்திறன் தாளுக்குப் பயிற்சி வேண்டும், வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு வேண்டும். தலைச்சோலை, நாகலூர் போன்ற ஏற்காட்டு மலை ஊர்களிலிருந்து சான்றுக்காக ஒருவர் அலைந்தால் அன்றைய கூலி போய்விடும். கூடுதல் நிதியில் மாதிரித் தாள் அச்சடிப்பதும், ஆவணங்களுக்கு உடன் போய்வர ஒருவரை ஏற்பாடு செய்வதும் சில ஆயிரத்தில் முடியும். இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

ஊரின் நேரத்தைப் பார்க்காதது

மாலை ஐந்து மணிக்குச் சிறப்பு வகுப்பு என்று நகரத்தில் முடிவெடுத்துவிடலாம். மலையில் அந்நேரம் பனி இறங்கும், காட்டெருமை பாதைக்கு வரும், கடைசி பஸ் போய்விடும். பெண் பிள்ளைகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். மதிய இடைவேளையை ஒட்டியோ காலையிலோ வைத்தால் வருவார்கள். நவம்பர் முதல் காபிப் பழம் பறிக்கும் காலம். பெற்றோர் தோட்டத்துக்குப் போனால் மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும். எனவே முக்கியமான வகுப்புகளை ஜூலை முதல் அக்டோபருக்குள் அடர்த்தியாக வையுங்கள். பறிப்புக் காலத்தில் குட்டித் தம்பியையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.

அரசு ஏற்கெனவே தருவதை மறுபடி வாங்குவது

பை, நோட்டு, சீருடை, மலைப் பள்ளிகளுக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் அரசுத் திட்டங்களில் உண்டு. தொடக்கப் பள்ளிக்குக் காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கியது. தொலைதூரக் குக்கிராமப் பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் வழி இருக்கிறது. வட்டார வள மையத்தில் கேட்டுவிட்டு, விட்டுப்போனதற்கு மட்டும் பணம் எடுங்கள். உதாரணமாக, வெறும் வயிற்றோடு வரும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு ஏதாவது சாப்பாடு. ஆந்திராவில் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், முதல் ஆண்டு மதிப்பெண் கூடியது. அடுத்த ஆண்டு மானியம் வரும் என்று தெரிந்ததும் பெற்றோர் தங்கள் செலவைக் குறைத்துக்கொண்டார்கள், பலனும் நின்றுபோனது. வீட்டில் வாங்க முடியாததைத்தான் பள்ளி தரவேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனால் மேலே சொன்ன ஒன்றும் தெரியவராது. கூலி போகாத நேரமாகப் பார்த்துக் கூட்டம் வையுங்கள். பணம் பல நேரம் தாமதமாகத்தான் வரும். மார்ச் மாதத்தில் அவசரமாகக் கிடைத்ததை வாங்கிப்போடாமல் இருக்க, தேவைகளை ஜூலையிலேயே எழுதித் தீர்மானம் போட்டுவிடுங்கள். தொடக்கத்தில் நிலை பார்க்கக் கொடுத்த அதே பத்தியை, அதே கணக்கை நவம்பரிலும் பிப்ரவரியிலும் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். நகராத பிள்ளை இருந்தால் முதலில் அது படிக்கும் குழுவை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், சொல்லித்தருபவரோடு பேசுங்கள். புதிதாக ஏதும் வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.