கட்டெறும்பு ராணியைப் பிடித்துக் கூடு வளர்ப்பது: முதன்முறை செய்பவர்களுக்கு

எறும்பு வளர்ப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை ஐரோப்பியச் சின்னக் கறுப்பெறும்பான லேசியஸ் நைஜரை வைத்து எழுதப்பட்டவை. பனிக்காலம் முழுக்க எறும்பை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். நம் சமவெளி எறும்பை அப்படி வைத்தால் செத்துப்போகும். இங்கே தொடங்குவதற்கு ஏற்றது பெரிய கறுப்புக் கட்டெறும்பு, அதாவது கேம்பனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். ராணி பெரிது என்பதால் முட்டையும் புழுவும் வெறுங்கண்ணுக்கே தெரியும். கொடுக்கு கிடையாது, கடிக்கும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான். முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை ராணிக்குத் தீனியே தேவையில்லை. (மரத்தில் ஓடும், நடு உடல் செம்பழுப்பும் தலையும் வயிறும் கறுப்புமான ஒல்லி எறும்பு வேறு இனம். அது கொட்டினால் உயிர் போய் உயிர் வரும். அதன் பக்கம் போகவேண்டாம்.)

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மழை பெய்த பிறகு கடை தேடி ஓட முடியாது. இவை கையில் இருக்கட்டும்:

- 16 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளமுள்ள டெஸ்ட் ட்யூப் நான்கு. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும்.
- மருந்துக்கடையில் விற்கும் சுத்திகரித்த பஞ்சு ஒரு சுருள்.
- காய்ச்சி ஆறிய தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர்.
- மூடியில் ஊசித் துளை போட்ட மாத்திரை டப்பாக்கள், ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷ், கறுப்பு சார்ட் தாள்.

பஞ்சு விஷயத்தில் சமரசம் கூடாது. இலவம்பஞ்சு தண்ணீரை உறிஞ்சாது. சுத்திகரிக்காத பருத்திப் பஞ்சிலும் மெழுகுப் பசை இருப்பதால் நீர் ஏறாது. இரண்டில் எதைப் போட்டாலும் ஒரு பக்கம் ஈரம் நிற்க, மறுபக்கம் ராணி தாகத்தில் சாகும்.

படி 1: ட்யூப் தயாரித்தல்

ட்யூபில் 5 முதல் 6 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ட்யூபின் அகலத்தைவிடச் சற்றே பெரிய பஞ்சுருண்டை ஒன்றை இறுக்கமாகச் செய்து, பென்சிலின் மொட்டை முனையால் நீர்மட்டம் வரை தள்ளுங்கள். பஞ்சு முழுக்க நனைய வேண்டும். ஆனால் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டக் கூடாது. பஞ்சுக்கும் நீருக்கும் நடுவே காற்றுக் குமிழி நின்றால் பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். வெயில் நேரத்தில் அந்தக் காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியாக வெளியே தள்ளும். ஒரே இரவில் முட்டைகள் மூழ்கிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பஞ்சுக்கு இப்பால் 5 செ.மீ. காய்ந்த இடம் இருக்கட்டும். வாய்க்கு இன்னொரு பஞ்சு, சற்றுத் தளர்வாக, காற்று போகும்படி.

படி 2: ராணியை அடையாளம் காணுதல்

சில நாள் வறண்டிருந்து நல்ல மழை பெய்து, காற்றடங்கிப் புழுக்கமாக இருக்கும் மாலையும் முன்னிரவும் தேடுவதற்கு ஏற்ற நேரம். தெருவிளக்கு, கடை வாசல், வெள்ளைச் சுவர், விளக்கு எரியும் மொட்டைமாடி ஆகிய இடங்களில் பாருங்கள்.

அங்கே பறப்பவற்றில் நிறைய ஈசலாகத்தான் இருக்கும். ஈசல் என்பது கறையான், எறும்பே அல்ல. ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், உணர்கொம்பு நேராக இருக்கும், இடுப்பு தடித்திருக்கும். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. இடுப்பு நூல்போல ஒடுங்கியிருக்கும். ராணியின் உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும்.

அடுத்து ஆண் எறும்புகளை ஒதுக்குங்கள். ஆண் எறும்பு ஒல்லி, தலை மிகச் சிறிது. ராணிக்குத் தலை பெரிது, மார்பு கூன் விழுந்ததுபோல் பருத்திருக்கும், வயிறு தடித்திருக்கும். கட்டெறும்பு ராணி ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இறக்கை இல்லாமல் தரையில் தனியாக, ஏதோ தேடுவதுபோல் விடாமல் நடந்துகொண்டிருந்தால் அதுவே நமக்கு வேண்டியது. இணைசேர்ந்த ராணி தன் இறக்கையைத் தானே உதிர்த்துவிடும். மார்பின் இருபுறமும் அது இருந்த தழும்பு தெரியும். இறக்கையோடு இருப்பதையும் எடுக்கலாம், டப்பாவில் வைத்த அன்றிரவே உதிர்ப்பதும் உண்டு. ஆனால் இறக்கை உதிர்ந்ததால் மட்டும் இணைசேர்ந்தது உறுதி என்று சொல்ல முடியாது. இணைசேராமலே உதிர்ப்பவையும் இருக்கின்றன.

புற்றைத் தோண்டி ராணியை எடுக்காதீர்கள். ஒரு ராணிக்காக ஒரு கூடே அழியும். வளர்ந்த கூட்டின் ராணி தனியே வைத்தால் பெரும்பாலும் மீளாது. மழைக்குப் பின் பறப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை எப்படியும் பல்லிக்கும் தவளைக்கும் காக்கைக்கும் போகின்றன. அவற்றில் இரண்டோ மூன்றோ எடுத்துக்கொள்வதில் குறை வராது. தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு இவற்றுக்குள் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. வெளிநாட்டு ராணியை வாங்கவும் வேண்டாம். 2025-இல் கென்யாவில் ஆயிரக்கணக்கான ராணிகளைப் பஞ்சடைத்த குழாய்களில் கடத்த முயன்ற நால்வருக்குத் தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. நாம் செய்யும் அதே ட்யூப்தான். அனுமதியின்றி எடுத்துக் கடத்துவதுதான் குற்றமாகிவிடுகிறது.

படி 3: ட்யூபுக்குள் விடுதல்

கையால் நசுக்கிப் பிடிக்காதீர்கள். ராணி நடக்கும் பாதையில் ட்யூபின் வாயை வைத்து, பின்னாலிருந்து பிரஷால் மெல்லத் தொட்டால் அதுவே உள்ளே ஏறும். வாயைப் பஞ்சால் அடைத்து, தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்கள். ஒரு ட்யூபில் ஒரே ராணி. இரண்டைச் சேர்த்து வைத்தால் வேகமாகப் பெருகும் என்று ஆசைப்பட வேண்டாம். கட்டெறும்பில் அது கடைசியில் சண்டையில்தான் முடியும்.

படி 4: சும்மா இருத்தல்

இதுதான் கடினமான படி. ட்யூபைக் கறுப்புத் தாளில் சுற்றி, ஆட்டம் இல்லாத மேசை இழுப்பறைக்குள் படுக்க வையுங்கள். ஃபிரிட்ஜின் மேலே வேண்டாம், அதன் அதிர்வு ஓயாது. 26 முதல் 30 டிகிரி வெப்பம் போதும், அதற்கு நம் வீடே போதும்.

ராணி பறப்பதற்கு வைத்திருந்த தசைகள் இப்போது கரைந்து உணவாகின்றன. அதிலிருந்துதான் புழுக்களுக்கும் ஊட்டுகிறது. அதனால் தேனோ சர்க்கரையோ வைக்காதீர்கள், பூஞ்சை பிடிப்பதுதான் மிச்சம். பத்து நாளுக்கு ஒருமுறை, அரை நிமிடம், சிவப்பு செல்லோபேன் ஒட்டிய டார்ச்சில் பாருங்கள். சிவப்பு ஒளி எறும்புக்குச் சரியாகத் தெரியாது. தினமும் தாளை உருவிப் பார்த்தால் மிரண்ட ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். முதல் முறை தோற்பவர்களில் நிறையப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான்.

முட்டை பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். பிறகு புழு, அதன்பின் அரிசிமணிபோல் பழுப்பு உறைக்குள் கூட்டுப்புழு. பலர் எறும்பு முட்டை என்று சொல்வது இந்தக் கூட்டைத்தான். முதல் வேலைக்காரி வெளிவர ஐந்து முதல் எட்டு வாரம் ஆகலாம். ஒரு மாதம் தாண்டியும் முட்டையே இல்லை என்றாலோ, வளர்ந்து வருபவை எல்லாம் இறக்கையுள்ள ஆண்களாக இருந்தாலோ ராணி பெரும்பாலும் இணைசேராததாகவே இருக்கும். எறும்பில் கருவுறாத முட்டை ஆணாகும். அந்த ராணியால் கூடு அமைக்க முடியாது.

படி 5: தீனி

முதல் வேலைக்கார எறும்புகள் மிகச் சிறியவை. அவை வந்த இரண்டு மூன்று நாளில் கடுகளவு சர்க்கரைத் தண்ணீரை (ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு நீர்) ஒரு துண்டு அலுமினியத் தாளில் வையுங்கள். சொட்டு பெரிதானால் எறும்பு அதில் ஒட்டிச் சாகும். வாரம் இருமுறை புரதம்: கொசு பேட்டில் அடித்த கொசு, ஃபிரீசரில் வைத்து எடுத்த ஈசல், வளர்ப்பு மீன் கடையில் விற்கும் மீல்வோர்ம் புழு ஒரு துண்டு. வெளியில் பிடித்த பூச்சியைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கிக் கொடுத்தால் சிற்றுண்ணி தொற்றாது. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். நம் வெக்கையில் பூஞ்சைக்கு ஒரு நாள் போதும்.

கொசுவர்த்தி, சுவரில் சொருகும் கொசுவிரட்டித் திரவம், எறும்புச் சாக்பீஸ், கரப்பான் ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டு எறும்பையும் கொல்லும். நேற்றுவரை நன்றாக இருந்த கூடு காலையில் கால் உதறிக் கிடந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி வீட்டு எறும்பு. சர்க்கரை வாசனைக்கு வரும் பொடி எறும்பும் பிள்ளையார் எறும்பும் பஞ்சின் இடுக்கில் புகுந்து ஒரே இரவில் கூட்டைக் காலி செய்யும். ட்யூப் இருக்கும் டப்பாவை ஒரு தம்ளர் மேல் ஏற்றி, அதைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் எறும்பால் மேலே நடந்து கடக்க முடியாது.

படி 6: ட்யூபிலிருந்து கூட்டுக்கு

பத்துப் பதினைந்து எறும்பு ஆனதும் ட்யூபை அப்படியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து வாய்ப்பஞ்சைப் பாதி எடுங்கள். டப்பா அவை உலவும் முற்றம். மேல்விளிம்பில் 3 செ.மீ. பட்டையாக, முகப் பவுடரை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். கால் வழுக்கி ஏற முடியாது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இந்தப் பூச்சு ஈரம் இழுத்துச் செயலிழக்கும், அங்கே நெருக்கமான எஃகு வலை பதித்த மூடி போடுவதே பாதுகாப்பு. நைலான் வலையைக் கட்டெறும்பு கடித்தே ஓட்டை போடும்.

முப்பது நாற்பது எறும்புக்குப் பிறகே கூடு. கட்டடம் நடக்கும் இடத்தில் ஏஏசி பிளாக் (எடை குறைந்த, நுண்துளையுள்ள கான்கிரீட் கல்) உடைசல் கேட்டால் சும்மாவே தருவார்கள். 15 × 10 × 5 செ.மீ. துண்டாக அறுத்து, ஒரு முகத்தைச் சிமென்ட் தரையில் தேய்த்துச் சமமாக்குங்கள். பழைய ஸ்க்ரூடிரைவரால் 1 செ.மீ. ஆழத்தில் மூன்று நான்கு அறைகளும், 8 மி.மீ. வழிகளும் குடையுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் தண்ணீர் விடும் குழி. ஈரம் ஒரு பக்கமும் வறட்சி மறுபக்கமும் இருந்தால் எறும்பே தனக்கு வேண்டிய அறையைத் தேர்ந்துகொள்ளும். தூள் போகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மேலே கண்ணாடி வைத்து ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். பெரிய கூட்டை முன்னதாகவே கொடுத்தால் மூலையில் குப்பை சேர்த்து, பூஞ்சை பிடித்து நாறும்.

எறும்பைக் கொட்டி மாற்றாதீர்கள். புதுக் கூட்டை ட்யூபோடு குழாயால் இணைத்து, புதியதை இருட்டாக்கி, பழையதன் தாளை எடுத்து வெளிச்சம் படவிடுங்கள். சில மணி நேரத்தில் போகலாம், சில வாரமும் ஆகலாம். ட்யூபின் பஞ்சு மஞ்சளாவதோ லேசாகக் கறுப்பதோ அவசரம் அல்ல. தண்ணீர் தீரப்போனால் இதே முறையில் புது ட்யூபுக்கு மாற்றலாம்.

தொடர முடியாவிட்டால், ராணியைப் பிடித்த அதே இடத்தில் மாலையில் விடுங்கள். அதற்குத்தான் ட்யூபில் இடத்தை எழுதச் சொன்னது. வேறு ஊரில் விடவே கூடாது. ஓர் எறும்பு ஓரிடத்தில் மிதமிஞ்சிப் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: மஞ்சள் பைத்தியக்கார எறும்பு எனப்படும் அனோப்லோலெபிஸ் கிராசிலிப்ஸ் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-இல் கால்நடைகளையும் மக்களையும் படுத்தியபாடு செய்தியாக வந்தது. நீண்ட கால், மஞ்சள் உடலோடு தாறுமாறாக ஓடும் எறும்பைப் பார்த்தால், அதன் ராணி எவ்வளவு எளிதாகக் கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.