'எதிர்பாராத பிழை' என்று நின்றால் எங்கிருந்து தேடுவது?

'எதிர்பாராத பிழை. எக்ஸ்போர்ட் நிறுத்தப்பட்டது.' வீட்டு விழா வீடியோக்களை எடிட் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, வெட்டிச் சேர்த்ததை ஒரே வீடியோக் கோப்பாக எழுதும் (எக்ஸ்போர்ட்) நேரத்தில் இந்த வாசகம் என்னை விட்டதில்லை. என்ன பிழை, எந்தக் கிளிப்பில் என்று ஒரு சொல்லும் அதில் இருக்காது. முன்பெல்லாம் கையோடு அந்தப் பெட்டியை மூடிவிட்டு, கண்ணில் பட்ட அமைப்புகளை எல்லாம் மாற்றிப் பார்ப்பேன். இப்போது மூடுவதற்கு முன்னால் மூன்றைக் குறித்துக்கொள்கிறேன்: எத்தனை சதவீதத்தில் நின்றது, டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், அது ஏறத்தாழ எந்த நிமிடம், அதுவரை எழுதப்பட்ட கோப்பின் அளவு என்ன. நின்றவுடன் அரைகுறைக் கோப்பை அழித்துவிடும் மென்பொருள்களும் உண்டு. ஆகவே எக்ஸ்போர்ட் ஓடும்போதே அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்திருங்கள்.

அடுத்து, பிராஜெக்டை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிட்டு, எதையும் மாற்றாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள். நேரம் போகிறதே என்று தோன்றும். ஆனால் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றதா, வேறு வேறு இடத்திலா என்பது தெரிந்தால்தான் தேடவேண்டிய திசை தெரியும்.

ஒரே இடம் என்றால் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். சதவீதத்தை வைத்துக் கணக்கிட்ட நிமிடம் துல்லியமாக இருக்காது. எனவே டைம்லைனைப் பாதியாக வெட்டித் தேடுங்கள். முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது முடிந்துவிட்டால் குற்றவாளி இரண்டாம் பாதியில். அதையும் பாதியாக்குங்கள். 40 நிமிடப் படம் ஆறே வெட்டில் 40 விநாடிக்கும் குறைவான துண்டாகிவிடும். தேடும்போது தரத்தையோ வடிவத்தையோ மாற்றாதீர்கள். மாற்றினால் பிழை ஒளிந்துகொள்ளும்.

அக்கா மகளின் பிறந்தநாள் படம் இப்படித்தான் பதினேழாம் நிமிடத்தில் திரும்பத் திரும்ப நின்றது. வெட்டிக்கொண்டே போனபோது அவள் மெழுகுவர்த்தியை ஊதும் கிளிப்பில் வந்து நின்றேன். சாதாரண பிளேயரில் ஓட்டினால் நன்றாகத்தான் ஓடியது. மெதுவாக நகர்த்திப் பார்த்தபோதுதான், அவள் கன்னத்தை உப்பும் தருணத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் திரை கருத்தது தெரிந்தது. செல்பேசியில் அந்தக் கோப்பு 212 எம்பி. என் கணினியில் 187 எம்பி. நகலெடுக்கும்போதே அறுந்திருக்கிறது. மீண்டும் நகலெடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன், படம் முடிந்தது. இதனால்தான் படம் வெட்டி முடியும்வரை செல்பேசியில் இருக்கும் மூலத்தை அழிக்கவே வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கோப்பு அளவு சரியாக இருந்தால், அந்த இடத்தில் உள்ள எஃபெக்ட், எழுத்துரு, காட்சி மாற்றம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அதிலும் அகப்படாவிட்டால் கிளிப்பின் உள்ளமைப்பைச் சந்தேகிக்கலாம். செல்பேசிகள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் (விநாடிக்கு எத்தனை படங்கள் என்பது கூடிக் குறையும்படி) பதிவு செய்கின்றன. எடிட்டிங் மென்பொருள்கள் பல சீரான வேகத்தை எதிர்பார்க்கின்றன. உதடும் ஒலியும் விலகிப்போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கிளிப்பை மட்டும் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று மாற்றி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறதா? கிளிப்புகளை விட்டுவிட்டுக் கணினியைப் பாருங்கள். எக்ஸ்போர்ட் அமைப்பில் ஹார்டுவேர் என்கோடிங்கை (வீடியோவைச் சுருக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் விடும் வசதி) அணைத்து ஓட்டுங்கள். நேரம் கூடும். ஆனால் முடிந்துவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருள்) முதலில் புதுப்பித்துப் பாருங்கள். மடிக்கணினி சூடேறுவதும், பிரவுசர் நினைவகத்தை விழுங்குவதும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

தொடங்கியவுடனேயே நின்றால், சேமிக்கும் இடத்தில் சிக்கல் இருக்கலாம். ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாகப் பெயர் வைத்த புதிய ஃபோல்டருக்கு எழுதிப் பாருங்கள்.

தொடக்கத்தில் கோப்பின் அளவைக் குறித்துக்கொள்ளச் சொன்னதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒருமுறை நேராகப் பென் டிரைவுக்கே எழுதினேன். 28 நிமிடம் தாண்டியதும் 'தெரியாத பிழை' என்று நின்றது. அந்த நிமிடத்துக் கிளிப்பை மாற்றினேன், பிறகு நீக்கியே பார்த்தேன், பயனில்லை. கடைசியில்தான் கோப்பைக் கவனித்தேன்: 4 ஜிபியைத் தொட்டு நின்றிருந்தது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவ் அதைவிடப் பெரிய கோப்பை ஏற்காது. விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 28 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். கணினியிலேயே எழுதிவிட்டு, பென் டிரைவில் இருப்பதை வேறிடத்தில் வைத்துக்கொண்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து நகலெடுத்தேன்.

விண்டோஸில் பிழையோடு ஓர் எண்ணும் வந்தால் அதன் கடைசி எட்டு இலக்கங்களைப் பாருங்கள். 80070070 என்றால் டிஸ்கில் இடமில்லை. 80070005 என்றால் அங்கே எழுத அனுமதி இல்லை. 80004005 என்பது 'குறிப்பிடப்படாத பிழை' மட்டுமே. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டாம், பாதியாக வெட்டும் வேலைக்கே போய்விடுங்கள்.

எக்ஸ்போர்ட் முடிந்ததும், முதலில் நின்ற நிமிடத்துக்குப் போய் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் ஒலியோடு ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு பிராஜெக்டின் நகலை அழிக்கலாம்.