ராமநாதபுரத்து மண்ணில் தண்ணீரைத் தொலைக்கும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் உட்கிராமங்களுக்குப் போகிறவர்கள் சாலையோரத்தில் தவறாமல் காண்பது தள்ளுவண்டி. சின்னச் சக்கரங்களின் மேல் இரும்புச் சட்டம். அதில் ஆறு குடமோ எட்டுக் குடமோ ஆடாமல் உட்காருவதற்கு வளையங்கள். ஒரு குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நூற்றிருபது லிட்டர் தண்ணீரை ஒரு பெண் மேட்டிலும் பள்ளத்திலும் தள்ளிக்கொண்டு வருகிறாள். பட்டறைகளில் இந்த வண்டியை இதற்கென்றே செய்து விற்கிறார்கள் என்பதிலிருந்தே, இங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு எப்போதோ வந்துபோகும் விருந்தாளியாக இருந்ததில்லை என்பது விளங்கும்.

இத்தனைக்கும் இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. ஜோர்டான் நாட்டின் பெரும்பகுதியில் 200 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. நம் மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது என்பதும், கொட்டிய மழை இறங்கிச் சேரும் நிலத்தடியின் பெரும்பகுதி உவர்ப்பாக இருக்கிறது என்பதும்தான் இந்த மண்ணின் சிக்கல். முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கத்துக் கரிசலிலும் களியிலும் நல்ல தண்ணீர் மேலாக ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அதற்குக் கீழே உப்பு. இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டு, ஆழமாகப் போனால் தண்ணீர் கிடைக்கும் என்று நம்புவதிலிருந்துதான் இங்கே நடக்கும் தவறுகளில் பாதி பிறக்கின்றன.

ஊருணியில் நடக்கும் தவறு

முதலில் ஊருணியைச் சொல்ல வேண்டும். பாசனத்துக்கான கண்மாய் வேறு, குடிநீருக்கான ஊருணி வேறு. ஊருணியில் குளிப்பதில்லை, மாடு இறக்குவதில்லை, பல ஊர்களில் செருப்புக் காலோடு படி இறங்கவும் விடமாட்டார்கள். மழைநீரைத் தேக்கி, கோடைவரை வைத்துக் குடிப்பதற்காக நம் முன்னோர் களிமண் பாங்கான இடம் பார்த்து வெட்டிய பள்ளம் அது. அடியில் இருக்கும் களிப்படுகைதான் அதன் பாத்திரம். மேலே நிற்கும் மழைநீரைக் கீழே விடாமலும், கீழே இருக்கும் உவர்நீரை மேலே விடாமலும் தடுப்பது அந்தப் படுகையே.

தூர்வாருகிறோம் என்று பொக்லைன் இயந்திரத்தை இறக்கும்போது பலர் செய்யும் தவறு, சேறு எங்கே முடிகிறது, பழைய களி எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல், வாடகை மணிக்கணக்கு தீரும்வரை தோண்டிக்கொண்டே போவது. எங்களுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இப்படி ஆறேழு அடி கூடுதலாகத் தோண்டினார்கள். அந்த ஆண்டு மழையில் ஊருணி நிறைந்தபோது ஊரே கரையில் நின்று பார்த்தது. தை மாதம் பிறப்பதற்குள் நீர்மட்டம் மளமளவென்று இறங்கியது. எஞ்சி நின்ற தண்ணீரில் பருப்பு வேகவில்லை. களியைத் தாண்டி அடியிலிருந்த மணலைத் திறந்துவிட்டிருந்தார்கள். பிறகு கண்மாய்க் களியை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி மிதித்துப் பரப்பியும் பழைய நிலை முழுதாகத் திரும்பவில்லை.

ஆகவே ஊருணியைத் தூர்வாருவதற்கு முன், நான்கைந்து இடங்களில் மண்வெட்டியால் சிறு குழி எடுத்துப் பார்ப்பது நல்லது. கருத்து நாறும் சேற்றை அள்ளலாம். கையில் பிடித்தால் மெழுகுபோல் உருளும் கெட்டிக் களி வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால், இடமிருக்கும் ஊர்களில், ஆழத்தைக் கூட்டுவதைவிடக் கரையை உயர்த்துவதும் அகலப்படுத்துவதும் பாதுகாப்பானவை. அகலப்படுத்தினால் வெயிலில் ஆவியாகும் பரப்பும் கூடும் என்பது உண்மைதான். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம், உப்பைத் தாங்க முடியாது.

ஊருணி நீர் கலங்கலாக இருக்கிறது என்று அதைக் கைவிடுவது இன்னொரு தவறு. குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிவைத்தால் கலங்கல் அடியில் படிந்து நீர் தெளியும். இதைப் பாட்டிமார் அறிவார்கள். ஆனால் தெளிந்த நீர் கிருமியற்ற நீர் ஆகிவிடாது. தெளியவைத்த பிறகு கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றில் நடக்கும் தவறு

நூறடியில் உப்புத் தண்ணீர் வந்தால் இருநூறடிக்குப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்று சொல்லிக் குழாய் இறக்குகிறவர்கள் உண்டு. சில இடங்களில் அப்படி வருவதும் உண்டு என்பதால்தான் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. ஆனால் மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் போன்ற கடலோர மணற்பகுதியில் கணக்கு நேர்மாறானது. அங்கே மணலில் இறங்கிய மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் தங்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. இதைத் திருப்பிப் படித்தால்தான் ஆபத்து புரியும்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலேறி வர வழி செய்கிறோம்.

எனவே கடலோரத்தில் ஆழமான குழாயைவிட ஆழமில்லாத திறந்த கிணறே மேல். அங்கேயும் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் இறைக்கக் கூடாது. சிறிய மோட்டாரால் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இடைவெளி விட்டு இறைத்தால், கிணற்றுக்கு நேர்கீழே உப்பு கூம்புபோல் எழும்புவது குறையும். ஒருமுறை உப்பேறிய கிணறு தேறுவதற்குப் பல மழைக்காலம் ஆகும். தேறாமலே போனவையும் உண்டு.

கண்மாயில் நடக்கும் தவறு

கண்மாய் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குளமாகப் பார்ப்பதுதான் இங்கே அடிப்படைப் பிழை. மேலூர்க் கண்மாய் நிறைந்து, மிகுநீரை வெளியேற்றும் கலுங்கு வழிந்தால்தான் கீழூர்க் கண்மாய்க்குத் தண்ணீர். அது வழிந்தால்தான் அதற்கும் கீழே உள்ளதற்கு. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்லப்படும் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயும், வைகையின் மிச்சத்தை வாங்கிக்கொள்ளும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும்கூடத் தமக்கு மேலே இருப்பவற்றின் தயவில் நிறைபவைதாம். நிலைமை இப்படியிருக்க, மேலூர்க்காரர்கள் மணல் மூட்டை அடுக்கிக் கலுங்கின் உயரத்தைக் கூட்டுவது ஆண்டுதோறும் நடக்கிறது. அதனால் கண்மாய்க்குள் நீர் தேங்கும் பரப்பான உள்வாயில் பட்டா வைத்திருப்பவர்களின் பயிர் மூழ்குகிறது, கீழூர் காய்கிறது, பெருமழை வந்துவிட்டால் கரையே உடைகிறது. ஒரு கரை உடைந்தால் அந்த வெள்ளம் அடுத்த கண்மாயையும் உடைத்துக்கொண்டு போகும்.

தூர்வாரும் பணியில் கண்மாயின் நடுவயிற்றை மட்டும் பார்த்து, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை விட்டுவிடுவது அதனினும் பெரிய பிழை. குடிமராமத்து என்ற பழைய பெயரில் 2017இல் அரசு மீண்டும் பணிகளைத் தொடங்கியபோதும் சரி, வண்டல் எடுக்க விவசாயிகளை அனுமதித்தபோதும் சரி, எல்லோருடைய கண்ணும் உள்வாயின் மண்ணிலேயே இருந்தது. வரத்துக்காலின் குறுக்கே ஒரு வீட்டு மதில் நின்றால், அல்லது சாலைக்காகப் போட்ட குழாய் வரத்துக்காலின் தரையைவிட ஓர் அடி மேலே அமைந்துவிட்டால், கண்மாயை எவ்வளவு வெட்டினாலும் நிறையப்போவதில்லை. பள்ளம் எடுப்பதற்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், புரட்டாசியில் ஒரு நாள், மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் ஊர் நீர்ப்பாய்ச்சியையும் இரண்டு இளவட்டங்களையும் அழைத்துக்கொண்டு வரத்துக்காலை அதன் தலைப்புவரை நடந்து பார்த்துவிட்டால், எங்கே செலவழிக்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

வெட்டுவதிலும் ஓர் அளவு உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் எடுத்தாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆடுமாடு குடிக்கவும் மீன் தங்கவும் அது போதும் என்று தெரிந்து, கரையைவிட்டுத் தள்ளி ஓரிடத்தில் மட்டும் எடுக்கலாம். மண் தூக்கிப்போடுவதற்கு வசதியாக இருக்கிறது என்று கரையின் அடியிலேயே பள்ளம் எடுத்தால், முதல் வெள்ளத்தில் கரை சரிந்து அந்தப் பள்ளத்திலேயே உட்காரும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி அதிகம் பேசியாகிவிட்டது. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். அடியோடு பெயர்க்காமல் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போன இடங்களில் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு துளிர்த்தது. வேரோடு எடுத்த இடத்திலும், காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலிருந்து அடுத்த மழைக்கே கன்று முளைக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்கினால்தான் ஒழியும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம் என்பதால், அவர்களையே அந்த வேலையில் சேர்த்துக்கொள்வது இருதரப்புக்கும் நல்லது.

வீட்டில் நடக்கும் தவறு

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003இல் கட்டாயமாக்கியது. அதன்பின் கட்டிய வீடுகள் பலவற்றில், மாடியிலிருந்து இறங்கும் ஒரு குழாயும், அது போய் முடியும் ஒரு கல் நிரப்பிய குழியும் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் குழியை எட்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது உள்ளே சிமெண்டுக் கலவை இறுகிக் கிடந்தது. வீடு கட்டும்போதே மிச்சக் கலவையை அதில் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். எட்டு ஆண்டு மழையும் தெருவுக்கே போயிருந்தது. திறந்து பார்க்காத தவறு என்னுடையது.

ஆனால் குழி சரியாக இருந்திருந்தாலும் எங்களைப் போன்ற களிமண் ஊரில் அதனால் பெரும்பயன் இருந்திருக்காது. களியில் நீர் இறங்காது. இறங்கிய கொஞ்சமும் உவர்நீரோடு கலந்துவிடும். மணற்பாங்கான கடலோர ஊரில் நிலத்துக்குள் விடுவது சரி, களியும் உவரும் உள்ள ஊரில் தொட்டியில் சேர்ப்பதே சரி. இரண்டுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்துவிட்டதுதான் கோளாறு.

தொட்டிக்கு எவ்வளவு செலவாகுமோ என்று அஞ்சுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழும். சேதாரம் போக 750 லிட்டர் சேரும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால், தை முதல் புரட்டாசி வரையிலான ஒன்பது மாதங்களுக்கு 5,400 லிட்டர் போதும். ஆறரை அடி நீளம், அதே அகலம், ஐந்தடி உயரம் உள்ள ஒரு தொட்டியில் ஏறத்தாழ 6,000 லிட்டர் கொள்ளும். அது நிறைய எட்டு சென்டிமீட்டர் மழை போதும். ஐப்பசியில் இரண்டு மூன்று நாள் அடைமழையில் அது வந்துவிடும். கோடைத் தூசியும் பறவை எச்சமும் கரைந்துவரும் முதல் மழையை மட்டும் திறப்பை மாற்றி வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் புகாமல் மூட வேண்டும். இந்த இரண்டையும் அலட்சியம் செய்தவர்கள்தாம் மழைநீர் கெட்டுப்போகும் என்று சொல்லித் திரிகிறார்கள்.

குழாயில் வரும் தண்ணீரிலும் தவறு நடக்கிறது. திருச்சி அருகே காவிரியில் எடுத்து அனுப்பும் கூட்டுக் குடிநீர் வரத் தொடங்கியதும் ஊருணியைக் குப்பை கொட்டும் இடமாக்கிய ஊர்கள் உண்டு. எங்கோ ஓரிடத்தில் குழாய் உடைந்தால் அந்த ஊர்களுக்கு அன்றே தள்ளுவண்டிதான். வரும் தண்ணீரை நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது, அண்டை வீட்டுக்காரரின் பங்கைப் பறிப்பதோடு நிற்பதில்லை. குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது வெடிப்புகளின் வழியே சாக்கடையும் உள்ளே இழுக்கப்படுகிறது. பக்கத்தில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் மோட்டாரைத்தான் தேட வேண்டும்.

கடைசியாக, எல்லா வீட்டிலும் நடப்பது. புதுத் தண்ணீர் வந்தவுடன், நேற்றுப் பிடித்துவைத்ததைப் பழைய தண்ணீர் என்று முற்றத்தில் கவிழ்க்கிறோம். நான்கு குடம் கவிழ்த்தால் அறுபது லிட்டர். மூன்று நாள் சமையலும் குடிநீரும் அதில் போயிற்று. மூடிவைத்த சுத்தமான குடத்துத் தண்ணீர் ஒரே இரவில் கெட்டுவிடாது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், வாரம் ஒருமுறை பாத்திரத்தை உட்புறம் தேய்த்துக் கழுவி, வாயைத் துணியால் கட்டிவைத்தால் போதும். கழுவிய தண்ணீரை வாழைக்கோ முருங்கைக்கோ ஊற்றலாம். வடிகட்டும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் உப்புக் கூடிய நீரை மட்டும் செடிக்கு ஊற்றாமல் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.