புளியங்கொட்டை வைத்துப் போக்கர் பந்தயச் சொற்களைப் பழகுவது எப்படி?

மூணு சீட்டு ஆடிப் பழகியவர் போக்கருக்கு வந்தால் முதல் சொல்லிலேயே இடறுவார். அங்கே ‘பிளைண்ட்’ என்றால் சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. இங்கே பிளைண்ட் என்பது சீட்டு போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம். சீட்டைத் தாராளமாகப் பார்க்கலாம். கீழே வருவதெல்லாம் டெக்ஸாஸ் ஹோல்டெம் வகைக்கு.

தயாரிப்பு

பணம் வேண்டாம். காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ல் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. சொல் பழகக் காசும் தேவையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி தட்டும் பருவத்தில் கொட்டைக்கா பஞ்சம்? நான்கு பேருக்கு 200 புளியங்கொட்டை, 20 புங்கங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டைக்கு மதிப்பு 1, புங்கங்கொட்டைக்கு 10. தலைக்கு 50 புளி, 5 புங்கன். ஆக ஆளுக்கு 100.

முதல் சுற்று: சீட்டு கையில், தரையில் எதுவுமில்லை

மாமா டீலர், அதாவது சீட்டு போடுபவர். அவருக்கு இடப்பக்கம் அக்கா, அடுத்து தம்பி, அடுத்து நீங்கள். அக்கா ஸ்மால் பிளைண்ட் 1 வைக்கிறார், தம்பி பிக் பிளைண்ட் 2. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போட்டதும் முதலில் பேச வேண்டியவர் நீங்கள்.

இப்போது நிற்கும் தொகை 2. அதே 2-ஐ வைத்தால் ‘கால்’. சீட்டைக் கவிழ்த்து விலகினால் ‘ஃபோல்ட்’. ரம்மிக்காரர்களின் ஸ்கூட் மாதிரி. தொகையை ஏற்றினால் ‘ரைஸ்’. ‘செக்’ சொல்ல முடியாது. வைக்க வேண்டியது எதுவும் பாக்கியில்லாதபோது ஒன்றும் வைக்காமல் அடுத்தவருக்கு விடுவதுதான் செக். இந்தச் சுற்றில் அது தம்பிக்கு மட்டும், அதுவும் யாரும் ரைஸ் செய்யாமல் முறை அவரிடம் வந்தால்தான்.

நீங்கள் கால். மாமா மொத்தத்தை 6 ஆக்குகிறார். 2 போக ஏற்றம் 4. இந்த ஏற்றத்தை மனதில் வையுங்கள்: அடுத்த ரைஸ் குறைந்தது அதே அளவு ஏற வேண்டும், அதாவது மொத்தம் 10. ‘ஆறு ரைஸ்’ என்று மொட்டையாகச் சொன்னால் மொத்தம் ஆறா, இன்னும் ஆறா என்று தகராறு வரும். ‘மொத்தம் ஆறு’ என்றே சொல்லிப் பழகுங்கள்.

அக்கா ஃபோல்ட். பட்டுக்கூடு ஏலத்தில் விலை ஏறினால் ஒதுங்கிக்கொள்ளலாம், கையை விட்டு ஒன்றும் போகாது. இங்கே அக்காவின் 1 போனது போனதுதான். தம்பியும் நீங்களும் ஆளுக்கு 4 சேர்க்கிறீர்கள். நடுவில் இருக்கும் குவியல், அதாவது பாட், 19.

இரண்டாம் சுற்று: ஃப்ளாப்

எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் மூன்று சீட்டு திறக்கப்படும். தம்பி செக். நீங்கள் 10 வைக்கிறீர்கள். சுற்றில் முதலில் வைப்பதற்குப் பெயர் ‘பெட்’. மாமா மொத்தம் 25 என்று ரைஸ். தம்பி ஃபோல்ட். பாட் இப்போது 54, நீங்கள் சேர்க்க வேண்டியது 15.

இங்கேதான் ‘பாட் ஆட்ஸ்’: சேர்க்க வேண்டிய தொகை குவியலில் எத்தனை பங்கு என்ற கணக்கு. நீங்கள் வைத்தால் குவியல் 69. அதில் உங்கள் 15 ஏறக்குறைய 22 சதவீதம். உங்கள் கையில் இரண்டு இஸ்பேட், தரையில் இரண்டு இஸ்பேட் என்று வையுங்கள். பார்க்காத 47 சீட்டில் இஸ்பேட் 9. அடுத்த ஒரே சீட்டில் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, சேர வாய்ப்பு 19 சதவீதம். அந்த ஒரு சீட்டை மட்டும் நம்பினால் கணக்கு சற்று நட்டம். சேர்ந்தபின் மாமாவிடமிருந்து மேலும் வாங்க முடியும் என்றால் கால் செய்யலாம். இத்தனை கணக்கும் முதல் நாளே வராது, விடுங்கள்.

அடுத்த இரண்டு சுற்றுகளான டர்ன், ரிவர் இரண்டிலும் ஒவ்வொரு சீட்டு திறக்கும். சொற்கள் இவையே.

தகராறு வரும் இடங்கள்

6 கொட்டை வைத்துவிட்டு, எதிராளி முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி கையைவிட்டு 10 எடுப்பது ‘ஸ்ட்ரிங் பெட்’. செல்லாது. தொகையை முதலில் வாயால் சொல்லுங்கள். சொன்ன சொல் கட்டுப்படுத்தும். எதிரே 2 நிற்கும்போது பேசாமல் ஒரு புங்கங்கொட்டை போட்டால் அது 10 ஆகாது. கால் என்றே கொள்வார்கள், 8 திரும்ப வரும்.

‘ஆல் இன்’ என்றால் இருப்பதையெல்லாம் வைப்பது. இன்னொரு ஆட்டத்தில் தம்பியிடம் 30, மாமாவிடமும் உங்களிடமும் 100 என்று வையுங்கள். மூவரும் ஆல் இன். ஒவ்வொருவரிடமும் 30 எடுத்து 90-ஐ முதல் குவியலாக ஒதுக்குங்கள். மீதி 70-ம் 70-ம் சேர்ந்து 140 ‘சைட் பாட்’. தம்பி ஜெயித்தாலும் அவருக்கு 90 மட்டுமே. 140 உங்கள் இருவரில் நல்ல சீட்டு உள்ளவருக்கு. மாமாவிடம் 80-தான் இருந்தால் உங்கள் 20 சீட்டைத் திறக்கும் முன்பே உங்களிடம் திரும்பிவிடும். இரண்டு குவியலையும் தனித்தனி முறத்தில் வையுங்கள். கலந்துவிட்டால் புளியங்கொட்டையில் யாருடையது எது என்று பிரிக்க வழியில்லை.