எலும்பு கூடியது, விரல் மடங்கவில்லை

குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வலது மணிக்கட்டில் ஆரை எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பு) முறிவு. புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார் மாமா. எக்ஸ்ரேயில் எலும்பு விலகவில்லை, மாவுக்கட்டே போதும் என்றார் டாக்டர். 6 வாரம்.

நான் செய்த தப்பு, கட்டுக்கு வெளியே இருந்த விரல்களையும் அசைக்காமல் பொத்திப் பொத்தி வைத்ததுதான். கட்டைப் பிரித்தால் சோறு பிசைய வரவில்லை!

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினேன். பிறகு சப்பாத்தி மாவு உருண்டையை அழுத்திப் பிசைவேன் (வீட்டில் தினமும் சப்பாத்திதான்). தினம் 3 வேளை. மூன்றாம் வாரம் கை மூட வந்தது. ஈரத்துணி பிழிய இன்னும் 2 மாதம் ஆனது.

கட்டுப் போட்டபின் விரல் வீங்கி மரத்துப்போனால் மட்டும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். கட்டு இறுகியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.